இரண்டு மருந்தும் கேட்காத பிறகு

தம்பியின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரிதான் அம்மா கண்ணில் பட்டது. மூளைக்குள் இருக்கும் நீர் அறைகள் வயதுக்குச் சற்றுப் பெரிதாகத் தெரிகின்றன என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. எதிர்வீட்டுப் பையனிடம் காட்டி அர்த்தம் கேட்டிருக்கிறார். அவன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "மூளை சுருங்கியிருக்குன்னு போட்டிருக்கு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா ஸ்கேன் பிலிமை ஜன்னல் கம்பியில் செருகி, வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். "சுருங்கிப் போன மூளைக்கு மாத்திரை குடுத்து என்னடி ஆகப்போவுது?"

தம்பிக்கு மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. நான்கு வருடத்தில் முதலில் ரிஸ்பெரிடோன், பிறகு ஓலன்சபின். அவன் காதில் மட்டும் கேட்கிற குரல்கள் நிற்கவில்லை. அந்த வாரம் டாக்டர் மூன்று வழி சொல்லியிருந்தார்: இதே வகையில் மூன்றாவதாக ஒரு மருந்து, க்ளோசபின், அல்லது ஊரில் "கரன்ட் வைக்கிறது" என்று சொல்கிற இ.சி.டி. அதே வருடம் திருநெல்வேலியில் பெரியம்மாவுக்குக் கடும் மனச்சோர்வு வந்து, அண்ணனும் இதே மாதிரி ஒரு முடிவில் மாட்டிக்கொண்டார். இரண்டுக்குமாகச் சேர்த்து நான் படித்தது, டாக்டர்களைத் துளைத்துக் கேட்டது, கடைசியில் எதை வைத்து எடைபோட்டோம் என்பது எல்லாம் கீழே.

முதலில் ஸ்கேன் கதையை முடித்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் அரை மாதம் அதிலேயே போயிற்று.

1976-ல் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன், டிம் க்ரோ குழுவினர் நாள்பட்ட மனச்சிதைவு நோயாளிகளை அப்போது புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். மூளையின் நீர் அறைகள் பெரிதாக இருந்தன. பெற்றவள் வளர்த்த விதத்தால்தான் இந்த நோய் வருகிறது என்று படித்தவர்களே எழுதிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு வந்த ஆய்வு அது. அம்மாவுக்கு நான் சொன்ன முதல் நல்ல செய்தியும் அதுதான்: "ஒன் வளர்ப்பு இல்லம்மா இது."

ஆனால் கூட்டத்தில் தெரியும் வித்தியாசம் வேறு, ஓர் ஆளிடம் தெரிவது வேறு. 2016-ல் எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டாய்வு 2028 மனச்சிதைவு நோயாளிகளின் ஸ்கேனை 2540 நலமானவர்களின் ஸ்கேனோடு ஒப்பிட்டது. நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் பகுதி நோயாளிகளிடம் சராசரியாகச் சிறியதாக இருந்தது. அந்த வித்தியாசத்தை இப்படிப் புரிந்துகொண்டேன். ஒரு நோயாளி, ஒரு நலமானவர் என்று கண்ணை மூடிக்கொண்டு 100 ஜோடி எடுத்தால், சுமார் 63 ஜோடியில் நோயாளியின் ஹிப்போகேம்பஸ் சிறியதாக இருக்கும். மீதி 37-ல் நலமானவருடையதுதான் சிறியது. மனச்சோர்வுக்கு இதே குழு 1728 நோயாளிகளையும் 7199 நலமானவர்களையும் வைத்துச் செய்த ஒப்பீட்டில் கணக்கு 54-க்கு 46 வரும். கிட்டத்தட்ட காசு சுண்டுவதுதான். திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்தவர்களிடமும், இளம் வயதிலேயே தொடங்கியவர்களிடமும்தான் அந்தக் கொஞ்ச வித்தியாசமும் தெரிந்தது.

கட்டி, வலிப்பு, தொற்று போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் தேவை. தம்பிக்கு எடுத்ததும் அதற்குத்தான். எந்த மருந்து கேட்கும் என்று அந்தப் படம் சொல்லாது. "மூளை ஸ்கேன் பார்த்து உங்களுக்கான மருந்தைச் சொல்கிறோம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

அம்மா விடவில்லை. "மாத்திரையாலேயே சுருங்குதாமே?" இது அபத்தமான கேள்வி இல்லை. 2011-ல் அயோவாவில் நான்சி ஆண்ட்ரியாசன் குழு 211 நோயாளிகளை முதல் தாக்கத்திலிருந்து வருடக்கணக்கில் ஸ்கேன் எடுத்துத் தொடர்ந்து பார்த்தது. அதிக அளவில் மருந்து எடுத்தவர்களிடம் மூளைத் திசு சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தது. நோய் கடுமையானவர்களுக்குத்தானே மருந்தும் அதிகம் போகும் என்று சொல்லித் தட்டிக்கழிக்கலாம். ஆனால் அதற்கு முன்பே, எந்த நோயும் இல்லாத குரங்குகளுக்கு ஹாலோபெரிடாலோ ஓலன்சபினோ ஒன்றரை முதல் இரண்டே கால் வருடம் வரை கொடுத்துப் பார்த்ததில் மூளையின் அளவு 8 முதல் 11 சதவீதம் குறைந்திருந்தது. ஆக மருந்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். தராசின் மறுதட்டில் இருப்பது பின்லாந்துக் கணக்கு: 2009-ல் வெளியான, 66,881 மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றிய ஆய்வில், நீண்ட காலம் மருந்து எடுத்தவர்களைவிட மருந்தே எடுக்காதவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். இறப்பு மிகக் குறைவாக இருந்தது க்ளோசபின் எடுத்தவர்களிடம். தேவைக்கு மேல் ஒரு மில்லிகிராமும் வேண்டாம், தேவையானதை நிறுத்தவும் வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது, மருந்து கேட்கவில்லையா, இல்லை உள்ளேயே போகவில்லையா? மாத்திரைக்கு மசியாத நோய் என்று முத்திரை குத்த ஒரு வரையறை இருக்கிறது. இரண்டு வெவ்வேறு மருந்து, ஒவ்வொன்றும் போதிய அளவில், குறைந்தது 6 வாரம், அதுவும் உண்மையாகவே விழுங்கியிருக்க வேண்டும். எங்கள் டாக்டர் மாத்திரை அட்டைகளைக் கேட்டார். எண்ணிப் பார்த்ததில் கணக்கு உதைத்தது. தம்பி மறைக்கவில்லை. "வாரத்துக்கு ரெண்டு நாள் விட்டுருவேன், காலைல எந்திரிக்க முடியல" என்றான். அதனால் எந்தப் பெரிய முடிவுக்கும் முன்னால் மூன்று மாதம் நீண்டநாள் வேலை செய்யும் ஊசி போட்டுப் பார்த்தோம். கொஞ்சம் முன்னேற்றம், ஆனால் குரல்கள் அப்படியேதான் இருந்தன. அதன் பிறகுதான் அவர் இது நிஜமாகவே மசியாத வகை என்றார். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிற குடும்பங்கள் நிறைய. மூன்று மாதம் வீணாகப் போகுமே என்று தோன்றும், ஆனால் தேவையில்லாமல் க்ளோசபினுக்குப் போவதைத் தடுக்கிற வழி அது.

மூன்றாவது மருந்தா, க்ளோசபினா?

மூளை ஆராய்ச்சி எங்களுக்கு நேரடியாகக் கைகொடுத்தது இந்த இடத்தில் மட்டும்தான். டோபமின் மூளையில் செய்தி கடத்தும் ஒரு ரசாயனம். வழக்கமான மருந்துகள் எல்லாம் அது வந்து ஒட்டும் இடங்களை, அதாவது டோபமின் ஏற்பிகளை, அடைத்து வேலை செய்பவை. 2012-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் பெட் ஸ்கேன் மூலம் மூளை எவ்வளவு டோபமின் தயாரிக்கிறது என்று அளந்தார்கள். மருந்து கேட்டவர்கள் 12 பேர், கேட்காதவர்கள் 12 பேர், நலமானவர்கள் 12 பேர். மருந்து கேட்டவர்களிடம் டோபமின் தயாரிப்பு கூடுதலாக இருந்தது. கேட்காதவர்களிடம் அது நலமானவர்களைப் போலவே இருந்தது. குழாய் ஏற்கெனவே சரியாகத்தான் ஓடுகிறது என்றால் அதை இன்னும் இறுக்கி மூடி என்ன பயன்? சின்ன ஆய்வுதான், தம்பிக்கு அப்படி ஒரு ஸ்கேன் எடுக்கவும் இல்லை. ஆனாலும் "இன்னொரு கம்பெனி மாத்திரை மாத்திப் பாக்கலாமே" என்ற என் ஆசையை அது தணித்தது.

சிகிச்சைச் சோதனைகளும் அதே பக்கம்தான் சாய்கின்றன. 2018-ல் வெளியான ஐரோப்பிய ஆப்டிமைஸ் ஆய்வில், முதல் மருந்து கேட்காதவர்களில் பாதிப் பேர் அதையே தொடர்ந்தார்கள், மீதிப் பேர் ஓலன்சபினுக்கு மாறினார்கள். 6 வாரம் கழித்துத் தொடர்ந்தவர்களில் 45 சதவீதமும் மாறியவர்களில் 44 சதவீதமும் தேறியிருந்தார்கள். மாற்றியதால் ஒன்றும் நடக்கவில்லை, நாள்தான் நடந்தது. க்ளோசபினுக்கு 1988-ல் ஜான் கேன் நடத்திய சோதனையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பல மருந்துக்கு மசியாத 268 பேர், 6 வாரம். க்ளோசபினில் 30 சதவீதம் பேருக்குக் கேட்டது, பழைய குளோர்புரோமசினில் 4 சதவீதம். இதற்கு மறுப்பும் உண்டு. 2016-ல் 40 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, க்ளோசபின் அவ்வளவு தெளிவாக முந்தவில்லை என்றது. ஆனால் உண்மையிலேயே கடுமையான நோயாளிகள் இப்போது அந்த மாதிரிச் சோதனைகளில் சேர்வது குறைவு என்று பதில் வாதமும் இருக்கிறது. எனக்கு அந்தப் பதில்தான் ஏற்புடையதாகப் பட்டது, பின்லாந்து இறப்புக் கணக்கும் கூடவே நிற்பதால். தற்கொலை முயற்சியைக் குறைப்பதில் க்ளோசபின் ஓலன்சபினைவிட மேல் என்று 2003-ல் 980 பேரிடம் இரண்டு வருடம் நடந்த சோதனையும் காட்டியது. தம்பி முன்பு ஒருமுறை மொட்டைமாடி வரை போனவன். எங்களுக்கு அந்த ஒரு ஆய்வே பாதி முடிவு.

இவ்வளவு நல்ல மருந்தைக் கடைசியில் ஏன் கொடுக்கிறார்கள்? 1975-ல் பின்லாந்தில் இந்த மருந்தால், தொற்றை எதிர்க்கும் ரத்த வெள்ளணு அற்றுப்போய் 8 பேர் இறந்தார்கள். மருந்து பல நாடுகளில் முடங்கியது, கேனின் சோதனைக்குப் பிறகு 1989-ல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே அந்த ஆபத்து, பெரும்பாலும் முதல் சில மாதங்களில். அதனால் முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வருடம் கழிந்தால் மாதம் ஒருமுறை. அமெரிக்காவில் ரத்த முடிவைப் பதிவு செய்தால்தான் மருந்து என்றிருந்த கட்டாயத்தை 2025 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். பரிசோதனை வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அந்தச் சடங்குக்குப் பயந்தே பலருக்கு மருந்து கிடைக்காமல் போனது என்பதுதான் காரணம்.

ரத்தத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது மலச்சிக்கல். க்ளோசபின் குடலை மந்தமாக்கும், சிலருக்குக் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். எங்கள் வீட்டுக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் இன்னொரு டிக் வந்தது அப்படித்தான். இரண்டு நாள் போகவில்லையென்றால் டாக்டருக்கு போன். அடுத்தது எச்சில். காலையில் தலையணை நனைந்து கிடக்கும். அம்மா பழைய துண்டை நான்காக மடித்துத் தலையணைக்கு மேல் போடுவார், எழுந்ததும் அவன் பார்ப்பதற்குள் எடுத்துவிடுவார். எடை கூடும், சர்க்கரை ஏறலாம். முதல் வாரங்களில் காய்ச்சலோ நெஞ்சுவலியோ வந்தால் இதயத் தசை வீக்கமாக இருக்கலாம், வைரஸ் காய்ச்சல் என்று வீட்டில் படுக்கவைக்கக் கூடாது. பீடி, சிகரெட் புகை இந்த மருந்தை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றும். திடீரென்று புகையை நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு எகிறும். "நல்ல பழக்கம்தானே, அதைப் போய் டாக்டர்கிட்ட சொல்லணுமா" என்று நினைக்க வேண்டாம், சொல்ல வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து ஏறி வரவேண்டும். வீட்டில் ஒருவராவது இதையெல்லாம் கவனிக்க முடியும் என்றால்தான் க்ளோசபின் பொருந்தும். முடியாத வீட்டில் இதைவிட எளிய மருந்தே மேல் என்றுகூடச் சொல்வேன்.

2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சனோமெலின்-ட்ரோஸ்பியம் என்ற மனச்சிதைவு மருந்து பற்றி உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டோபமின் ஏற்பியை நேரடியாக அடைக்காத புது வழி. சந்தோஷம்தான். ஆனால் மருந்து கேட்காதவர்களை விலக்கிவிட்டு நடத்திய சோதனைகள் அவை. எங்கள் கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

கரன்ட்

இ.சி.டி. என்றதும் சினிமாவில் கட்டிலில் கட்டிப்போட்டுத் துடிக்கவைக்கும் காட்சிதான் எல்லோருக்கும் வரும். 1938-ல் ரோமில் செர்லெட்டியும் பினியும் தொடங்கியபோது மயக்கம் கொடுக்காமல்தான் செய்தார்கள். இன்றைக்கு நம் நாட்டில் அது சட்டப்படி குற்றம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாத இ.சி.டி.யைத் தடை செய்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் காப்பாளர் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன்அனுமதியும் இல்லாமல் செய்யவே முடியாது.

பெரியம்மாவோடு ஒரு காலையில் நான் இருந்தேன். முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. நகைகளைக் கழற்றி முந்தானையில் முடிந்து என்னிடம் கொடுத்தார். உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்தார். கண் திறந்ததும் "தாலி எங்க?" என்றார். நகை தன் மடியில் இல்லை என்பது தெரிந்திருந்தது, ஆனால் என்னிடம் கொடுத்தது நினைவில்லை. கரன்ட் கொடுத்து வரவழைக்கிற வலிப்பு ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டதாம், வெளியே காத்திருந்த அண்ணனுக்குத்தான் அது அரை நாள்.

தம்பியின் கணக்கில் இ.சி.டி. இரண்டாவது வரிசையில்தான் நின்றது. க்ளோசபினும் கேட்காதவர்களிடம் அதோடு இ.சி.டி. சேர்த்தால் என்ன ஆகும் என்று 2015-ல் பெட்ரிடஸ் குழு 39 பேரிடம் பார்த்தது. சேர்த்தவர்களில் பாதிப் பேருக்குக் கேட்டது, க்ளோசபின் மட்டும் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆகவே அது கையில் இருக்கிற அடுத்த சீட்டு. க்ளோசபினை முயற்சி செய்யாமலே அதற்குத் தாவ எங்களுக்குக் காரணம் இல்லை. தம்பி உடல் விறைத்துப் பேச்சு நின்றுபோன நிலையில் இருந்திருந்தால் வரிசையே வேறு.

பெரியம்மா கதை தலைகீழ். வயது 63. "குடல் அழுகிப் போச்சு, சாப்பாடு எங்க போகும்?" என்று சொல்லிச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார். மனச்சோர்வு முற்றி நம்பிக்கைகளே திரிந்துபோன நிலை. அண்ணன் பெங்களூரில் வேலை. அங்கே யாரோ கெட்டமின் என்ற மயக்க மருந்தை மனச்சோர்வுக்குக் கொடுப்பது பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். "தலையில கை வைக்கவே வேண்டாம், ட்ரிப்ஸ்லயே போடுறாங்களாம். இன்னும் ரெண்டு மாத்திரை மாத்திப் பாத்துட்டு அதுக்குப் போலாமா?"

மாத்திரை மாற்றும் வழியை அமெரிக்காவின் பெரிய ஸ்டார்-டி ஆய்வின் கணக்கே மூடிவிட்டது. முதல் மருந்தில் சுமார் 37 சதவீதம் பேர் தேறினார்கள், இரண்டாவதில் 31, மூன்றாவதில் 14, நான்காவதில் 13. அந்த எண்களே அதிகம், உண்மையில் இன்னும் குறைவு என்று பின்னால் மறுகணக்குப் போட்டவர்களும் உண்டு. சாப்பிடாத ஆளை வைத்துக்கொண்டு ஆறாறு வாரமாக 14 சதவீதத்துக்குக் காத்திருக்க முடியாது.

கெட்டமினா, இ.சி.டி.யா என்பதில் இரண்டு நல்ல சோதனைகள் எதிரெதிராக நிற்கின்றன. 2022-ல் வெளியான ஸ்வீடன் சோதனையில் இ.சி.டி. பெற்றவர்களில் 63 சதவீதம் பேர் தேறினார்கள், கெட்டமின் பெற்றவர்களில் 46. மறு வருடமே அமெரிக்காவில், முழுதாகத் தேறியவர்களை மட்டுமல்ல, நோய் பாதியாவது குறைந்தவர்களையும் எண்ணியதில், கெட்டமின் 55, இ.சி.டி. 41 என்று வந்தது. அண்ணன் இரண்டாவதை மட்டும் அனுப்பியிருந்தார். வித்தியாசம் யாரைச் சேர்த்தார்கள் என்பதில் இருக்கிறது. அமெரிக்கச் சோதனையில் பெரும்பாலும் வீட்டிலிருந்து வந்துபோனவர்கள், நம்பிக்கை திரிந்த வகை மனச்சோர்வைச் சேர்க்கவே இல்லை. ஸ்வீடனில் எல்லோரும் மருத்துவமனையில் படுத்தவர்கள், திரிந்த வகையும் உண்டு, வயதானவர்களிடம் இ.சி.டி.யின் பலன் இன்னும் கூடுதல். பெரியம்மா எந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்று கேட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பெரியம்மா இடத்தில் நாற்பது வயதில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற, மாத்திரை கேட்காத ஒருவர் இருந்தால் நானே கெட்டமினைத்தான் முதலில் கேட்பேன். நினைவு மறதி குறைவு, அமெரிக்கச் சோதனையில் ஆறு மாதத்தில் நோய் திரும்பியதும் அதில்தான் குறைவு. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். 2023-ல் ஸ்டான்போர்டில் அறுவை சிகிச்சைக்கு மயக்கத்தில் இருந்த 40 மனச்சோர்வு நோயாளிகளில் பாதிப் பேருக்கு அவர்கள் அறியாமல் கெட்டமின் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, இரண்டு பக்கமும் நன்றாகவே தேறினார்கள். கெட்டமின் ஏறும்போது மிதப்பது போல் இருப்பதும், குணமாகும் என்ற நம்பிக்கையும் சேர்ந்து எவ்வளவு வேலை செய்கின்றன என்பது இன்னும் தீராத கேள்வி.

இன்னொரு வழி, காந்த அலையால் மூளையைத் தூண்டும் டி.எம்.எஸ். அதற்கு மயக்கம் வேண்டாம், மறதி கிடையாது. 2018-ல் 414 பேரிடம் நடந்த கனடா சோதனையில், 3 நிமிட முறையும் பழைய 37 நிமிட முறையும் ஒரே அளவுக்கு, கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கேட்டன. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் வீதம் நான்கிலிருந்து ஆறு வாரம் வர வேண்டும். ஊருக்கும் மிஷின் இருக்கும் ஊருக்கும் தூரம் அதிகமானால் சிகிச்சையைவிடப் பஸ்தான் ஆளைச் சாய்க்கும். பெரியம்மா இருந்த நிலையில் அவரை நாற்காலியில் உட்காரவைக்கவே முடியாது.

இ.சி.டி.தான் செய்தோம். எட்டு முறை. நான்காவதுக்குப் பிறகு இட்லியைத் தானே பிட்டுச் சாப்பிட்டார். அந்த வருடத் தைப்பொங்கல் அவருக்கு இன்னும் ஞாபகத்தில் இல்லை. நடுவில் ஒரு விஷயம் என்னைத் திகைக்கவைத்தது. இ.சி.டி.க்குப் பிறகு ஹிப்போகேம்பஸ் பெரிதாகிறது என்று பல நாடுகளின் ஸ்கேன்களைச் சேர்த்து 2018-ல் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. "மூளை வளருதாம்!" என்று அம்மாவிடம் ஓடிச் சொல்லத் தோன்றியது. முழுவதும் படித்தால், அதிகம் பெரிதானவர்கள் அதிகம் தேறவில்லை. சுருங்கியது என்ற படத்துக்கு அழுத மாதிரியே, வளர்ந்தது என்ற படத்துக்குச் சிரிக்கவும் இடமில்லை.

இ.சி.டி. முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அண்ணன் கேட்டார். கூடாது. 2001-ல் சாக்கைம் குழு பார்த்ததில், இ.சி.டி.யில் தேறிய பின் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலினும் லித்தியமும் சேர்த்து எடுத்தவர்களில் 39.

தம்பி விஷயத்தில் நாங்கள் பேசிப் பேசி ஓய்ந்த பிறகு டாக்டர் அவனைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். சட்டமும் அதைத்தான் கேட்கச் சொல்கிறது, நாங்கள்தான் மறந்துபோயிருந்தோம். அவன், "வாரா வாரம் ஊசி குத்துனா பரவால்ல. தலைல இப்போதைக்கு வேண்டாம்" என்றான். அப்படித்தான் க்ளோசபின்.

செவ்வாய்தோறும் காலை தெருமுனை லேபில் ரத்தம். ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் என்ற வகை வெள்ளணுவின் எண் 1500-க்குக் கீழே போனால் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். அதற்காக நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டேன்: தேதி, நியூட்ரோபில், மலம், தூக்கம். பதினோராவது வாரம் நோட்டை எடுத்தபோது ஐந்தாவதாக ஒரு கட்டம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது, அவன் கையெழுத்தில். மேலே "சத்தம்" என்று எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் பத்துக்கு ஒரு மார்க் போட்டிருந்தான். 9, 9, 8, 9, 7. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேரே 6 இருந்தது, அடித்துவிட்டு 7 என்று திருத்தியிருந்தான்.